பூட்டும் மொய் நோட்டும்

சென்னிமலையில் போர்வை, படுக்கை விரிப்பு விற்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைக்கு இணையதளம் போட்டாராம். போட்டுக் கொடுத்தவர், “இன்னும் சில ஆயிரம் கட்டினால் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கி மாட்டிவிடலாம் அண்ணா. பூட்டுப் படம் வந்துவிட்டால் வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்” என்கிறாராம். கட்டலாமா என்பது கேள்வி.

கட்ட வேண்டாம். சான்றிதழ் கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்குக் காசு தேவையில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுக்கிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாங்களே அதை மாட்டித் தந்துவிடுகின்றன.

‘கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்’ என்ற வாக்குறுதிதான் எனக்கு இடிக்கிறது. பூட்டு சொல்வது இவ்வளவுதான்: மேலே தெரியும் முகவரியோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. உங்கள் கடைப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித்தளம் போடுகிறவரும் அதே இலவசச் சான்றிதழை நிமிடங்களில் வாங்கிவிடுவார். பூட்டைப் பார்த்து மக்கள் தப்பர்த்தம் செய்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அந்தப் படத்தையே தூக்கிவிட்டது. விலை உயர்ந்த சான்றிதழ்களின் கதையும் பெரிதாக இல்லை. 2017-இல் ஓர் ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ‘ஸ்ட்ரைப்’ என்ற பெயரில் முறைப்படி ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, பிரபல பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் பெயரே உலாவியில் பளிச்சென்று தெரியும்படி சான்றிதழ் வாங்கிக் காட்டினார். 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தத் தனி மரியாதையை முகவரிப் பட்டையிலிருந்து நீக்கின.

சரி, சான்றிதழ் கொடுப்பவரே தவறு செய்தால்? இதற்கு வரலாறு உண்டு, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்து, ஈரானியர்களின் மின்னஞ்சலை உளவு பார்க்கப் பயன்படுத்தினார்கள். விஷயம் வெளிவந்த அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவால். நாமும் சளைத்தவர்களல்ல: 2014 ஜூலையில் நம் தேசிய தகவலியல் மையத்தின் வழியாகக் கூகுள் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்து பிடிபட்டன. சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகளின் நூற்றுக்கும் மேற்பட்ட வேர்ச் சான்றிதழ்களை உலாவிகள் நம்புகின்றன. அவற்றில் எந்த ஒன்றின் கீழும், எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். ஓட்டை அங்கேதான்.

அதை அடைக்க வந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை. விதி எளியது: எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில், குறைந்தது இரண்டில் அதைப் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு கொடுக்கப்பட்ட சான்றிதழில் பதிவுச் சீட்டு இல்லாவிட்டால் குரோம் ஏற்காது. பதிவேட்டை வைத்திருப்பவரே பின்னால் ஒரு வரியை அழித்தால் என்ன செய்வது?

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையைப் பாருங்கள். பெயர், ஊர், தொகை. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை, அதுவே அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்க வரவு. நடுவில் ஒரு ஐநூறை விழுங்கினால் பின்னால் வரும் எல்லாப் பக்கமும் உதைக்கும். ஆனால் எழுதுகிறவர் கில்லாடி என்றால் பெரியப்பா பெயரில் ஐநூறைக் குறைத்து மச்சான் பெயரில் ஏற்றிவிடுவார். மொத்தம் மாறாது.

கூட்டலுக்குப் பதில் ஹாஷ் போட்டால் இந்த வேலை நடக்காது. எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கில் எதைக் கொடுத்தாலும் 64 இலக்கத்தில் ஒரு விடை வரும். ஒரு புள்ளி மாறினால் விடை அடியோடு மாறும். ஒரே விடை தரும் இரண்டு வரிகளை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

இனி நோட்டை இப்படிக் கட்டுங்கள். முதல் இரண்டு வரிகளின் ஹாஷ்களைச் சேர்த்து ஒரு ஹாஷ், அடுத்த இரண்டுக்கு இன்னொன்று. அந்த இரண்டையும் சேர்த்து மேலே ஒன்று. இப்படியே ஏறிப்போனால் உச்சியில் ஒற்றை எண் மிஞ்சும். மண்டப வாசலில் அதை மட்டும் எழுதி ஒட்டினால் போதும். உள்ளே பெரியப்பாவின் ஐநூறைத் தொட்டால் வாசல் எண் பொருந்தாது. ரால்ஃப் மெர்க்கிள் 1979-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது.

என்னை மயக்குவது அடுத்த பகுதி. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தாகவே இருக்கட்டும், நோட்டில் 100 கோடி வரிகளே இருக்கட்டும். என் வரி அதில் இருக்கிறதா என்று பார்க்க முழு நோட்டையும் புரட்ட வேண்டாம். என் பக்கத்து வரியின் ஹாஷ், அதற்கு மேல் பக்கத்து ஜோடியின் ஹாஷ் என்று 30 ஹாஷ்கள் கொடுத்தால் போதும், நானே கணக்குப் போட்டு வாசல் எண்ணைத் தொட்டுவிடுவேன். வரிகள் இரண்டு மடங்கானால் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு ஹாஷ்! மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நோட்டும் பெண் வீட்டுக்கு வேறொன்றும் காட்டினால்? சம்பந்திகள் வாசல் எண்ணை ஒப்பிட்டால் சாயம் வெளுத்துவிடும். மொய் நோட்டில் பெயர் இருப்பதால் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை என்பதும் பொருந்துகிறது. கந்துவட்டிக்காரரும்தான் மொய் வைக்கிறார். திருப்பிச் செய்ய வேண்டிய மொய்க்கு ஹாஷில் இடமில்லை என்பதால் ஒப்புமையை இத்தோடு விடுகிறேன்.

பதிவேடு வெறும் அலங்காரமல்ல. 2015 செப்டம்பரில் சைமன்டெக்கின் தாவ்ட் பிரிவு கூகுளைக் கேட்காமலே கூகுள் பெயரில் சான்றிதழ் தயாரித்தது. சோதனைக்காகச் செய்தோம் என்று சமாதானம் சொன்னார்கள். பதிவேட்டில் இருந்ததால்தான் பிடிபட்டது. அதன்பின் வேறு தவறுகளும் வெளிவர, 2018-இல் அந்த நிறுவனத்தின் பழைய சான்றிதழ்களைக் குரோம் மொத்தமாகக் கைவிட்டது.

சென்னிமலைக்காரருக்கு இதில் வேலை இருக்கிறது. சிஆர்டி டாட் எஸ்ஹெச் என்ற தளத்தில் பதிவேடுகளை இலவசமாகத் தேடலாம். உங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத சான்றிதழ் தென்பட்டால் உடனே விசாரியுங்கள். தளத்தின் பெயரை ஓர் எழுத்து மாற்றியும் தேடுங்கள்.

வாடிக்கையாளர் நம்பிக்கைக்கு ஹாஷ் உதவாது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைப் படியுங்கள். கடையின் முழுப்பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பூட்டுக்கு எடுத்து வைத்த சில ஆயிரத்தை, போர்வையைத் திருப்பி அனுப்புகிறவருக்கான கூரியர் செலவுக்கு ஒதுக்குங்கள். போலித்தளத்தில் பணத்தை விட்டவர்கள் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.