நீர்ப் பிரசவமும் பச்சிளங் குழந்தையும்

லகாட் வட்டாரத்துத் தோட்ட லயங்களில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவது நம் மூதாட்டியர் வழக்கம். அந்நீர் அவ்வப்போது காய்ச்சியது. காய்ச்சிய நீருக்கும், இளஞ்சூடாகத் தேங்கிக் கிடக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மேலைநாடுகளில் வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டிக்குள்ளேயே குழந்தையைப் பெறும் முறை பரவியுள்ளது. இதனை நீர்ப் பிரசவம் என்பர். இடுப்புவலி தணிகிறது என்பது இதன் சிறப்பு. ஆயினும், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரெல்லாம் தூய நீராகுமா?

லீஜியனெல்லா என்றொரு கிருமி உண்டு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவி அறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. நீர்க்குழாய்களிலும் தொட்டிகளிலும் வாழும் இக்கிருமி 25 முதல் 45 பாகை வெப்பத்தில் செழித்துப் பெருகும். பிரசவத் தொட்டி நீரின் வெப்பமோ ஏறத்தாழ 37 பாகை. தாய்க்கு இதமானது கிருமிக்கும் இதமாகிறது. நீர்த்திவலையை மூச்சில் இழுத்தாலும், நீர் மூச்சுக்குழலில் புகுந்தாலும் நுரையீரல் அழற்சி உண்டாகும். நோயெதிர்ப்பு முதிராத குழந்தைக்கு இது உயிர்க்கேடு.

2014இல் டெக்சஸ் மாநிலத்தில், இரு வாரங்களுக்கு முன்பே கிணற்று நீர் நிரப்பிச் சூடாக்கி வைத்த தொட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அக்குழந்தை பிழைக்கவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்திலும் ஒரு குழந்தை இந்நோயுற்றது. முன்கூட்டியே நிரப்பிச் சூடாக்கி வைக்கும் தொட்டிகளை வீட்டில் பயன்படுத்த வேண்டாமென அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் எச்சரித்தனர். எனினும், 2016இல் அரிசோனாவில் நோயுற்ற இரு குழந்தைகளுள் ஒன்று, அப்போதுதான் நிரப்பிய குழாய்நீரில் பிறந்ததாகும். ஆகவே புதுநீர் ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. வெப்பநாடாகிய மலேசியாவில் கூரைத் தொட்டி நீர் இயல்பாகவே இளஞ்சூடாக இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நோய் அரிது, வீண் அச்சம் வேண்டா. வலியின் முற்பகுதியில் நீரில் இருப்பது பயன் தரலாம் என்றும், குழந்தையை நிலத்திலேயே பெறுக என்றும் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் 2016இல் அறிவுறுத்தியது.

நீரில் பிறந்த குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடல் கொதித்தாலோ சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. “நீரில் பிறந்தது” என்பதை மறவாமல் மருத்துவரிடம் கூறுக. பென்சிலின் வகை மருந்துகள் இக்கிருமியை ஒழிப்பதில்லை. தனி மருந்து வேண்டும். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கக்கூடும்.