அந்நிய மூலதனமும் நம் ஊர் வாழ்வும்

அந்நிய மூலதனம் நன்மையா, தீமையா என்னும் வினா இன்று திருத்தணி வட்டாரத்துத் தறிவீடுகளிலும் களத்துமேடுகளிலும் எழுகின்றது. நம் பிள்ளைகள் பலர் தறியையும் ஏரையும் விட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நாடுகின்றனர். ஆதலின் அதன் இயல்பை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வெளிநாட்டார் நமக்குக் கடன் கொடுப்பது வேறு. இங்கே ஆலை நிறுவித் தாமே உரிமை கொண்டு நடத்துவது வேறு. பின்னதே நேரடி அந்நிய முதலீடு எனப்படும். அதனால் வேலையும் கூலியும் தொழிற்பயிற்சியும் இவ்விடத்தார்க்குக் கிடைக்கின்றன. ஆனால் இலாபமும், ஆலையை நடத்துவதா மூடுவதா என்னும் முடிவும் உரிமையாளர் கையில் உள்ளன.

பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. இளைஞரும் மகளிருமாக ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். 2013-இல் வருமான வரித் தகராறு எழுந்து ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு உறுப்புகள் செய்து தந்த பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் அங்கு வேலையை நிறுத்திற்று. பிற்பாடு நோக்கியா ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கிற்று. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளின் கூலியைத் தொழிலாளர்க்குத் திருப்பித் தருவார் யார்?

1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் ஆலையோ நிலைத்து நிற்கின்றது. அதற்கு வேண்டிய உறுப்புகளுட் பல சுற்றுவட்டாரத்திலேயே செய்யப்படுகின்றன. கைப்பேசியின் விலையுயர்ந்த உறுப்புகளோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. உள்ளூரில் வேரோடிய தொழிலைப் பெயர்த்தல் அரிது. ஆயினும் வேர் ஒன்றே காப்பாகாது. மறைமலைநகரில் அவ்வாறு வேரோடியிருந்த போர்டு கார் ஆலையும் 2022-இல் உற்பத்தியை நிறுத்திற்று.

நம் சங்கத்தில் பங்கு எத்துணையாயினும் அங்கத்தினர்க்கு வாக்கு ஒன்றே. இங்கு முதலும் நம்முடையது; முடிவும் நம்முடையது.

ஆகவே பிள்ளைகளை ஆலைக்கு அனுப்ப வேண்டா என்று நாம் கூறவில்லை. ஆனால் ஆலைக் கூலியை நம்பித் தறியை விற்றலும், நிலத்தை விற்றலும், பெருங்கடன் படுதலும் கூடா. அக்கூலியில் ஒரு பகுதி மாதந்தோறும் கூட்டுறவுச் சேமிப்பில் சேர்தல் வேண்டும். பாவு நம்முடையதாயின், ஊடை எங்கிருந்து வரினும், இடையில் நின்றே போயினும், தறி நம்மிடம் இருக்கும்.