ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடு!

ஒரு சின்ன வேலை தருகிறேன். நாளைக் காலை ஆபீஸில் போய் உட்கார்ந்ததும், பக்கத்து ஸீட்டில் ஆரம்பித்து மானேஜர் கேபின் வரை எல்லோருடைய மணிக்கட்டையும் ஒரு நோட்டம் விடுங்கள். (லேடீஸ் ஸீட் பக்கம் கொஞ்சம் ஜாக்கிரதை!) கறுப்புச் சதுரம், இன்னொரு கறுப்புச் சதுரம், அதற்கடுத்தும் அதே... எல்லாம் ஸ்மார்ட் வாட்ச். எத்தனை அடி நடந்தீர்கள், எத்தனை மணி தூங்கினீர்கள், நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடித்துக்கொண்டது என்று சகலமும் சொல்லும். கேட்டால் மணியும் சொல்லும்.

நடுவில் ஒரே ஒருத்தர், அநேகமாக அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி, வட்டமாக ஒன்று கட்டியிருப்பார். வெள்ளை டயல் லேசாகப் பழுப்பேறியிருக்கும். வார் மட்டும் புதுசு. தினம் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் மறுநாள் நின்றுபோகும். எச்.எம்.டி.!

"ஏன் ஸார், இன்னுமா இந்த மியூஸியம் பீஸ்?" என்று யாராவது கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஓடுதுப்பா" என்பார். அதோடு சரி.

'ஊரோடினால் ஒத்தோடு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கல்யாணம், வேலை, வாட்ச், செல்போன் எதற்கும் இதைத்தான் எடுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு வால் இருக்கிறது. அதைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள். 'ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு.' தனியாக ஒருத்தன் ஓடினால், நிறுத்தி என்ன ஏது என்று விசாரி. அவனிடம் ஏதோ விஷயம் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த வாலைப் பற்றியது.

எங்கள் ஊர் செஞ்சி. திருவண்ணாமலை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கோட்டையைப் பார்த்து, "அட, பெரிசா இருக்கே!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ரோடே கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. இறங்கிப் பார்த்தவர்கள் கம்மி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. அதற்கப்புறம் ஸெல்ஃபி எடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கல் அதே கல்தான் ஸார். பார்க்கிற கண்ணுக்குத்தான் இப்போது சர்டிபிகேட் கிடைத்திருக்கிறது.

இந்தக் கோட்டையின் கதாநாயகனும் ஊரோடு ஓடாத ஆசாமி. ராஜா தேசிங்கு. நிஜப் பெயர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங் இறந்ததும் செஞ்சி இவர் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், "கப்பப் பாக்கியைக் கட்டு" என்றார். சுற்றுவட்டாரம் மொத்தமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்த காலம். இவர் மாட்டேன் என்றார். 1714-ல் சண்டை, கையில் கொஞ்சம் குதிரைப்படை, எதிரே பெரும் சேனை. வயது 22. முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பி.காம். படித்தவன் கணக்குப்படி அது சுத்த நஷ்டம். ஆனால் முந்நூறு வருஷமாகத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றைக்கும் குதிரை ஏறி வருவது தேசிங்குதான். ஜெயித்த நவாப் பெயரை உங்களில் எத்தனை பேர் இந்தப் பாராவுக்கு முன்னால் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

சரி, ராஜா கதை இருக்கட்டும். கப்பம் கேட்க நவாப் இல்லாத நம் காலத்தில் ஒரு குமாஸ்தா எப்படி 'மாட்டேன்' என்று சொல்வது? மறுபடி வாட்சுக்கு வருகிறேன்.

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி 1953-ல் பெங்களூரில் பிறந்தது. கடைசல் இயந்திரம் மாதிரி கனமான சமாசாரங்கள் செய்துகொண்டிருந்தவர்கள், ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனியோடு கை கோர்த்து 1961-ல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். முதல் வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதில் ரொம்பப் பிரபலமான மாடலுக்கு 'ஜனதா' என்று பெயர். ஜனங்களுடையது! பார்வையில்லாதவர்கள் தடவிப் பார்த்து மணி தெரிந்துகொள்ள பிரெய்ல் வாட்சும் செய்தார்கள். எஸ்.எஸ்.எல்.ஸி. பாஸா, ஒரு எச்.எம்.டி. மாப்பிள்ளைக்கு மாமனார் சீரா, ஒரு எச்.எம்.டி. ரிடையர் ஆகிறாரா, மாலையோடு இன்னொரு எச்.எம்.டி.!

பிறகு வந்தது டைட்டன். டாடாவும் நம்ம தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி, ஃபாக்டரி ஓசூரில். எல்லாம் குவார்ட்ஸ். உள்ளே இருக்கிற துளியூண்டு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். எச்.எம்.டி. ஜனதாவுக்குள் இருக்கிற சக்கரம் விநாடிக்கு வெறும் 5 தடவை 'டிக்' என்னும். 32,768 எங்கே, 5 எங்கே! குவார்ட்ஸுக்குச் சாவியும் வேண்டாம், மெலிசாகவும் இருக்கும், மணியும் சுத்தம். மாப்பிள்ளைகள் கட்சி மாறினார்கள். எச்.எம்.டி.யின் கணக்குப் புத்தகம் சிவப்பாகிக்கொண்டே போய், 2016 ஜனவரியில் மத்திய அரசு வாட்ச் கம்பெனியை மூடிவிடுவது என்று முடிவெடுத்தது.

இதற்கப்புறம்தான் வேடிக்கை. கடை மூடப்போகிறது என்ற நியூஸ் வந்ததுமே எச்.எம்.டி.க்குக் கிராக்கி! பரணில் தூங்கினது எல்லாம் கீழே இறங்கியது. பழைய மிஷினில் கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று கலர் டயல் போட்டு, புதுசு மாதிரி விற்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். ஃபாஷன் இல்லாததே ஃபாஷன் ஆகிவிட்டது. இப்போது எச்.எம்.டி. கட்டுகிறவர்களில் ஒரு கோஷ்டி, 'நான் தனி ரகம்' என்று போட்டோ போடுவதற்காகவே கட்டுகிறது. இவர்களும் ஊரோடு ஓடுகிறவர்கள்தான். ஊர் மட்டும் வேறே.

அப்படியானால் நிஜமான தனி ரகம் யார்? காஸியோ கம்பெனி 1989-ல் எஃப்-91டபிள்யூ என்று ஒரு பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் விட்டது. முகம் அன்றைக்கு எப்படியோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இன்றைக்கும். அதைக் கட்டிக்கொண்டு போர்டு மீட்டிங்குக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "இதுல என்ன குறை?" என்று திருப்பிக் கேட்பார்கள். அக்கவுண்ட்ஸ் ஆசாமி "ஓடுதுப்பா" என்றாரே, அதே ரகம். யாரும் பார்க்காவிட்டாலும் கட்டுவார்கள். கேலி செய்தாலும் கழற்ற மாட்டார்கள், புகழ்ந்தாலும் கையைத் தூக்கிக் காட்ட மாட்டார்கள்.

இதே ஜாதிப் பெண்கள் நம் டி.வி. பெட்டிக்குள் இருந்தார்கள். உடனே, "ஐயோ, நான் ஸீரியல் பார்க்கிறதில்ல ஸார், அம்மா போடறாங்க" என்று சொல்லாதீர்கள். அம்மா போட்டதை நீங்கள் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1985-ல் தூர்தர்ஷனில் 'ரஜனி' என்று ஒரு ஹிந்தித் தொடர். டைரக்‌ஷன் பாசு சாட்டர்ஜி. பிரியா டெண்டுல்கர் சாதாரணப் புடவையில் வந்து, காஸ் சிலிண்டர்காரரிலிருந்து டாக்ஸி டிரைவர் வரை நியாயம் கேட்பார். பம்பாய் டாக்ஸி டிரைவர்கள் நிஜமாகவே எதிர்ப்புத் தெரிவிக்கிற அளவுக்குப் போனது விஷயம்! 1989-ல் 'உடான்'. சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜியாக வந்து சோப்புத்தூள் கணக்குப் பேசிய அதே கவிதா சௌத்ரிதான் எழுதி, இயக்கி, நடித்தார். போலீஸ் அதிகாரி ஆகிற பெண்ணின் கதை. அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கைதான் அதற்கு விதை. அந்த அக்கா 2004-ல் உத்தராகண்டின் டி.ஜி.பி. ஆனார். இந்தியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

நம்ம பக்கம் 1999-ல் சன் டி.வி.யில் ராதிகாவின் 'சித்தி'. கதைகளில் சித்தி என்றால் சூடு போடுகிறவள் என்று இருந்ததைத் தலைகீழாக்கி, சித்தியையே கதாநாயகி ஆக்கினார்கள். 2003-லிருந்து 2009 வரை 'கோலங்கள்'. தேவயானியின் அபி! நான் பள்ளிக்கூடம் போன காலம். ஹாலில் வீடே கூடி உட்கார்ந்திருக்கும். ஓடிப்போன அப்பாவின் குடும்பத்தைத் தோளில் தூக்கி, கட்டடம் கட்டும் தொழிலுக்கு வந்து, பணக்கார ஆதித்யாவை எதிர்த்து நிற்கிறவள். விவாகரத்து ஆன கதாநாயகியை ஆறு வருஷம் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்துக் கொண்டாடிய ஊர் நம் ஊர். சும்மா இல்லை!

ஹிந்தியில் அதே 2003-ல் 'ஜஸ்ஸி'. கொலம்பியா நாட்டு 'பெட்டி' தொடரைப் பார்த்து எடுத்தது. சோடாபுட்டிக் கண்ணாடி, பல்லில் கம்பி, ஃபாஷன் கம்பெனியில் செக்ரட்டரி வேலை. மோனா சிங் நடித்தார். ஜனங்கள் ஜஸ்ஸியை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். டி.வி.காரர்களுக்குத்தான் தைரியம் போதவில்லை. ஒரு கட்டத்தில் கண்ணாடியைக் கழற்றி, முடியைத் திருத்தி அழகி ஆக்கிவிட்டார்கள். ஜனதா வாட்சுக்கு ஆரஞ்சு டயல் போட்ட மாதிரி!

இப்போது வரவு செலவுக்கு வருவோம். ஒரு ஆண் பழைய வாட்ச் கட்டினால் என்ன செலவு? நாலு கேலி. வரவு, 'எளிமையான மனுஷன்' என்ற பேர். ஒரு பெண் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால்? வரவுப் பக்கம் காலி. செலவுப் பக்கம் சொந்தக்காரர், அக்கம்பக்கம், தரகர் என்று ஆளாளுக்கு ஒரு எண்ட்ரி போடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. செஞ்சிப் பக்கம்தான். அப்பா போனதிலிருந்து கம்பி, சிமெண்ட் கடையை மகள்தான் நடத்துகிறாள். லாரி டிரைவரிடம் பேரம், மேஸ்திரியிடம் கடன் வசூல், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அவள்தான். அவள் அண்ணன் சென்னையில் ஆபீஸ் உத்தியோகம். அப்பாவின் எச்.எம்.டி.யைப் பக்தியோடு கட்டிக்கொண்டிருப்பவன். ஒரு வரன் வந்தது. நல்ல இடம். ஒரே கண்டிஷன், கடையை மூடிவிட வேண்டும்.

அண்ணன் லீவு போட்டு வந்து உட்கார்ந்தான்.

"கடைய வித்துடலாம்மா. சிமெண்ட் மூட்டைகிட்ட நிக்கிற பொண்ணுன்னா ஊர் என்ன சொல்லும்?"

அவள் பில் போட்டுக்கொண்டே கேட்டாள். "உன் வாட்ச்ச ஊர் என்னண்ணே சொல்லுது?"

"பழசு, தூக்கிப் போடுங்குது."

"கழட்டிட்டியா?"

அண்ணன் பதில் பேசவில்லை. ராத்திரி பூரா யோசித்திருக்கிறான். மறுநாள் அவனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, "கடையோட சம்மதம்னா மேல பேசலாங்க" என்று சொன்னான். அவர்கள் மேலே பேசவில்லை. வரன் போயிற்று. அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான். அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. ஸீரியல் மாதிரி அடுத்த வாரமே நல்ல மாப்பிள்ளை வந்தான் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். இன்னும் வரவில்லை.

ஆனால் ஒன்று. அந்த ஒரு போன் காலுக்கு அவன் கொடுத்த விலை, நாம் வாட்சுக்குக் கொடுக்கிற விலையைவிட ரொம்ப ஜாஸ்தி. தங்கைக்காக அம்மாவின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டான். அபியின் கஷ்டத்துக்குக் கண்ணீர் விட்ட எத்தனை அண்ணன்மார்கள், தம் வீட்டு அபிக்காக இப்படி ஒரு போன் போட்டிருப்பார்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். வாட்ச் எந்தக் கம்பெனி என்று நான் கவனிக்க மாட்டேன்.

ஆகவே, நண்பர்களே! எச்.எம்.டி. இருந்தால் கட்டுங்கள். ஸ்மார்ட் வாட்ச்தான் பிடிக்கிறதா, தாராளமாகக் கட்டுங்கள். அதுவும் உங்கள் இஷ்டம், உங்கள் இ.எம்.ஐ. ஆனால் வீட்டில் தங்கையோ, மனைவியோ, அத்தை பெண்ணோ எல்லோரும் போகிற ரோட்டை விட்டு வேறே ரோட்டில் கிளம்பினால், "ஊர் என்ன சொல்லும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். பழமொழியின் வாலை ஞாபகப்படுத்திக்கொண்டு, "எங்கே கிளம்பிட்டே? நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள்.

ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு. ஒருத்தி ஓடினாலும்தான்!