மாட்டின் வயிற்றில் வாழும் பூசணம்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோற்போர்கள் எழுகின்றன. நம் மாடுகளுக்கு அதுவே முதன்மையான தீவனம். மனிதர் உண்டால் சீரணியாத வைக்கோலை மாடு எங்ஙனம் பாலாகவும் உழைப்பாகவும் மாற்றுகின்றது என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிதல் நலம்.

வைக்கோலில் மிகுதியாயுள்ள பொருள் செல்லுலோஸ். குறிஞ்சிப்பாடித் தறிகளில் ஓடும் பருத்தி நூலும் பெரும்பாலும் இப்பொருளே. இதனைச் சிதைக்கும் சீரண நீர் மாட்டின் உடலில் சுரப்பதில்லை. முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றுள் பாக்டீரியாக்களோடு பூசணங்களும் உண்டு.

பூசணம் வளரப் பிராணவாயு இன்றியமையாதது என அறிஞர் நெடுங்காலம் கருதினர். இரைப்பையிலோ பிராணவாயு இல்லை. ஆதலால் அங்கே நீந்தித் திரிந்த பூசண வித்துக்களை வேறொரு வகை நுண்ணுயிர் என்றே எண்ணினர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே ஆராய்ச்சி செய்த காலின் ஆர்ப்பின் என்பார், செம்மறியாட்டின் இரைப்பையிலிருந்த அவை பூசணத்தின் வித்துக்களே என 1975-ஆம் ஆண்டில் காட்டினார். நம் நாட்டில் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்துறையில் ஆய்வு நடத்தியுள்ளனர்.

மாடு வைக்கோலைத் தின்றதும் இவ்வித்துக்கள் வால் போன்ற இழைகளால் நீந்திச் சென்று அதன்மீது ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் வேர்விட்டுக் கடினமான தாளைத் துளைக்கின்றன. கொழுமுனை இறுகிய நிலத்தைப் பிளப்பது போலப் பிளக்கின்றன. அப்பிளவின் வழியே பாக்டீரியாக்களும் உள்ளே புகுகின்றன. முடிவில் உண்டாகும் சில அமிலங்களை இரைப்பைச் சுவர் உறிஞ்சிக்கொள்ள, மாடு வலிமை பெறுகின்றது. தாய்ப்பசு நக்கும்போது அதன் உமிழ்நீர் வழியாகக் கன்றுக்கும் இப்பூசணம் வந்து சேர்கின்றது.

இத்தகைய உழைப்பாளிகளுக்கு நாம் அன்பினாலேயே தீங்கிழைக்கின்றோம். மாட்டுப் பொங்கலன்று பொங்கற்சோற்றையும் கஞ்சியையும் அளவின்றி ஊட்டுகின்றோம். சோறு விரைவிற் புளித்து, இரைப்பையில் அமிலம் மிதமிஞ்சுகின்றது. பூசணமும் நற்பாக்டீரியாக்களும் மடிகின்றன. மாடு அசைபோடுவதை நிறுத்துகின்றது. சில வேளை இறந்தும் போகின்றது. வழிபாட்டிற்கு ஒரு கவளம் போதும். எஞ்சிய பசிக்கு வைக்கோலும் பசும்புல்லும் இடுக.

தீவனத்தை மாற்ற நேரின், பத்து நாட்களுக்குக் குறையாமல் சிறுகச் சிறுக மாற்றுதல் வேண்டும். மாடு வயிறு உப்பி அசைபோடாது நின்றால், கைவைத்தியத்தில் பொழுதைக் கழியாமல் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.