பின்னே போகாத கால்

வீட்டில் எழுபதைத் தாண்டியவர் குளித்துவிட்டு வரும்போது தரையில் பதியும் ஈரச் சுவடுகளைக் கவனித்துப் பாருங்கள். வாலிப வயதுப் பேரனின் சுவடுகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கும். தாத்தாவுடையதில் ஒரு சாண் இருந்தாலே அதிகம். "கால்ல தெம்பு போயிடுச்சு" என்பார். அது பாதி உண்மைதான்.

நடப்பதென்றால் காலை முன்னே எடுத்து வைப்பது என்றே நினைக்கிறோம். உடலை முன்னே தள்ளிவிடுவதோ பின்னங்கால். வலது குதிகால் தரையைத் தொடும் நேரத்தில் இடது கால் இடுப்புக்குப் பின்னே நீண்டு, விரல்களை ஊன்றி உந்துகிறது. அது எவ்வளவு பின்னே போகிறதோ, அவ்வளவு நீளமாக அடி விழும்.

அமெரிக்க மறுவாழ்வு மருத்துவர் கேசி கெரிகனின் குழு கால் பின்னே சாயும் கோணத்தை அளந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டது. இயல்பாக நடக்கும்போது இளையவர்களின் தொடை இடுப்புக்குப் பின்னே சுமார் 20 டிகிரி சாய்ந்தது. ஆரோக்கியமான முதியவர்களுக்கு அது 14 டிகிரிதான். அடிக்கடி தடுக்கி விழும் முதியவர்களுக்கு 11. வேகமாக நடக்கச் சொன்னபோதும் இந்த வித்தியாசம் மறையவில்லை. மெதுவாக நடப்பதால் கோணம் குறைந்தது என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. ஏதோ ஒன்று காலைப் பிடித்து நிறுத்துகிறது.

முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி, இடுப்பின் முன்புறமாக வந்து தொடை எலும்பில் சேரும் இலியோசோவாஸ் என்ற தசையின் மேல்தான் சந்தேகம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இது சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது. டி.வி. முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் அந்தச் சுருக்கமே அதற்குப் பழகிவிடுகிறது. கால் பின்னே போக முடியாதபோது, அடி குறுகும்; இல்லையென்றால் இடுப்பு முன்னே கவிழ்ந்து, அதன் பாரம் நடுமுதுகுக்குக் கீழே போய் விழும்.

அப்படியென்றால் அந்தத் தசையை நீட்டிவிட்டால்? கெரிகன் குழு 96 முதியவர்களை வைத்து 10 வாரம் இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டது. இடுப்பு கொஞ்சம் இளகியது. நடையில் மாற்றம் மிதமாகத்தான் இருந்தது. தள்ளாமை வந்துவிட்ட முதியவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வில் அடியின் நீளமும் வேகமும் கூடின.

செய்முறை எளிது. சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொள்ளுங்கள். வழுக்கி நகரும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையில் பதித்து, முழங்காலை மடக்காமல் உடலை முன்னே கொண்டுபோங்கள். முதுகை வளைத்து ஏமாற்றக் கூடாது. பின்புறத்தை உள்ளே இழுத்துப் பிடித்தால் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் இழுப்பது தெரியும். 30 முதல் 60 விநாடி வரை, குலுக்காமல், மூச்சை அடக்காமல் நில்லுங்கள். பிறகு அடுத்த கால். கெண்டைக்கால் தசையும் கூடவே நீளும். வலித்தால் நிறுத்திவிடுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இதை மட்டும் செய்தால் போதாது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்த 'லைஃப்' ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் நடை, தசை வலு, சமநிலை, நீட்சி எல்லாம் சேர்ந்த பயிற்சி எடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் ஆரோக்கிய வகுப்புகளுக்குப் போய், கைகளையும் தோள்களையும் மட்டும் நீட்டிப் பழகினார்கள். 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் அபாயம் முதல் பிரிவில் 18 சதவீதம் குறைவு. நீட்சி பூட்டைத் திறந்துவிடும். உள்ளே போய் வேலை செய்ய வலுவும் வேண்டும், தினசரி நடையும் வேண்டும்.

இன்றைய ஈரச் சுவடுகளைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். பத்து வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் லாபம்தான். கடைத்தெருவரை போய்வர எத்தனை அடி என்று பெருக்கிப் பாருங்கள்.