அயோடின் கலந்த உப்பும் கருவுற்ற பெண்களின் தைராய்டு நலமும்

அயோடின் கலந்த உப்பு என்பது சமையல் உப்புடன் மிகச் சிறிதளவு பொட்டாசியம் அயோடேட்டு சேர்த்து உருவாக்கப்படும் உணவுப்பொருள் ஆகும். தைராய்டு சுரப்பி (கேடயச் சுரப்பி) தன் இயக்குநீர்களை உருவாக்க அயோடின் இன்றியமையாதது. கருவுற்ற காலத்தில் இத்தேவை கூடுவதால், தாயின் நலமும் கருவின் மூளை வளர்ச்சியும் இவ்வுப்புடன் நேரடித் தொடர்பு கொண்டுள்ளன. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான தமிழ்நாடு உப்புக் கழகம், இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலுள்ள வாலிநோக்கத்தில் இதனை உற்பத்தி செய்கிறது.

வாலிநோக்கம் உப்பளம்

வாலிநோக்கம் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு கடற்கரை ஊர் ஆகும். மீன்பிடித்தலும் உப்பு எடுத்தலும் இவ்வட்டாரத்தின் முக்கியத் தொழில்கள். 1974 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளம், 5,000 ஏக்கருக்கும் மிகுந்த பரப்பில் அமைக்கப்பட்டது. சத்துணவுத் திட்டத்திற்கு இரும்பும் அயோடினும் சேர்ந்த இருமுறை செறிவூட்டிய உப்பை இக்கழகம் வழங்கி வந்துள்ளது. 2014 சூனில் "அம்மா உப்பு" என்ற பெயரிலும், 2022 இல் "நெய்தல் உப்பு" என்ற பெயரிலும் இதன் உப்பு பொதுமக்களுக்கான விற்பனைக்கு வந்தது.

கடல் உப்பில் அயோடின் இல்லையா?

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அயோடின் குறைபாடு வராது, கடல் நீரில் அயோடின் இருக்கும்போது கடல் உப்பிலும் அது இருக்கத்தானே வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எளிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளும் 60 மைக்ரோகிராம் அளவு அயோடினும் உள்ளன. அயோடின் முழுவதும் வீணாகாமல் பாத்தியில் தங்கினாலும், ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராமை விடக் குறைவாகவே இருக்கும். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது 17 மைக்ரோகிராம் மட்டுமே. உண்மையில் இதுவும் கிடைப்பதில்லை. கடல் நீர் வெயிலில் செறிவடைந்து உப்பு படியும்போது அயோடினின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகிறது.

உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் நாளொன்றுக்கான அயோடின் அளவு வளர்ந்தவர்களுக்கு 150 மைக்ரோகிராம், கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராம் ஆகும். கடல் மீனில் அயோடின் உண்டு. பாலிலும் முட்டையிலும் ஓரளவு உண்டு. ஆகவே நாள்தோறும் மீன் உண்ணும் வீட்டில் நிலைமை சற்று மேலானது. எனினும் கடற்கரையிலும் எல்லா வீடுகளிலும் நாள்தோறும் மீன் சமைக்கப்படுவதில்லை. கருவாடு போடப் பயன்படும் உப்பு பெரும்பாலும் அயோடின் சேர்க்காத கல் உப்பே. இராமநாதபுரம் கரையில் பெண்கள் சேகரிக்கும் கடற்பாசி அயோடின் மிகுந்தது என்றாலும், அது அகர் முதலிய பொருட்கள் செய்யும் ஆலைகளுக்குச் செல்கிறதே தவிர அவர்களின் சமையலுக்கு வருவதில்லை.

கருவுற்ற காலத்தில் தைராய்டு

கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 10 முதல் 12 ஆம் வாரத்தில்தான் அயோடினை ஈர்க்கத் தொடங்குகிறது. அது போதிய அளவு இயக்குநீரைச் சுரக்க 18 முதல் 20 வாரங்கள் ஆகின்றன. அதுவரை கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்தே செல்ல வேண்டும். இதனால் தாயின் சுரப்பி வழக்கத்தை விட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக இயக்குநீரை உருவாக்க வேண்டியுள்ளது. அதே வேளையில் சிறுநீரகம் வழியாக வெளியேறும் அயோடினின் அளவும் கூடுகிறது. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உறுதி செய்வதற்குள்ளேயே முதல் சில வாரங்கள் கடந்துவிடுவதால், இருப்பு முன்கூட்டியே சேர்ந்திருப்பது முக்கியம்.

1999 இல் ஆடோவும் பிறரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு குறைபாட்டிற்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவு சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தது. கடுமையான அயோடின் குறைபாடு கருச்சிதைவு, இறந்து பிறத்தல், காது கேளாமை, மீளாத மனவளர்ச்சிக் குறை ஆகியவற்றிற்குக் காரணமாகலாம். கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும் அறிகுறி மட்டுமே.

பதப்படுத்தும் பொருட்களும் பிற வேதிப்பொருட்களும்

தைராய்டு உயிரணுக்கள் இரத்தத்திலுள்ள அயோடைடை ஒரு கடத்திப் புரதத்தின் மூலம் உள்ளிழுக்கின்றன. பெர்க்குளோரேட்டு, தயோசயனேட்டு, நைத்திரேட்டு ஆகிய மூன்றும் இக்கடத்தியில் அயோடைடுடன் போட்டியிடுபவை. ஒரு வாயிலில் வேறு ஆட்கள் நெருக்கி நின்றால் உரியவர் உள்ளே போக முடியாதது போன்றது இது. மூன்றில் பெர்க்குளோரேட்டே மிக வலிமையானது, நைத்திரேட்டு மிக மெலிவானது.

நைத்திரேட்டும் நைத்திரைட்டும் பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கப்படுகின்றன. ஆனால் நம் நாட்டில் உரம் கலந்த கிணற்று நீரே இதனினும் கவனிக்கத்தக்க மூலம். தயோசயனேட்டு புகையிலைப் புகையிலிருந்தும், சரியாக வேகாத மரவள்ளிக் கிழங்கு போன்ற உணவுகளிலிருந்தும் உடலில் உருவாகிறது. பெர்க்குளோரேட்டு பட்டாசிலும் ஏவூர்தி எரிபொருளிலும் பயன்படுவது. தென்னிந்தியாவின் பட்டாசு உற்பத்திப் பகுதியில் நிலத்தடி நீரில் இது இருப்பதை 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சுகளிலும் சில உணவுகளிலும் கெடாமல் காக்கச் சேர்க்கப்படும் பாராபென்கள் பற்றியும் ஆய்வுகள் உள்ளன, எனினும் கருவுற்ற பெண்களிடம் கிடைத்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

போதிய அயோடின் உள்ள உடலில் இப்பொருட்களின் சிறு அளவு பெரும்பாலும் சமாளிக்கப்பட்டு விடுகிறது. அயோடின் குறைந்த உடலில்தான் இவற்றின் கை ஓங்குகிறது. பதப்படுத்தும் பொருட்களுக்கு அஞ்சி "வேதிப்பொருள் இல்லாத" கல் உப்பிற்கு மாறுபவர், உண்மையில் தம் காப்பையே கழற்றி விடுகிறார் என்பது இதிலுள்ள முரண். உப்பும் கருவாடு முதல் ஊறுகாய் வரை நாம் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தும் பதப்படுத்தும் பொருள்தான்! ஒரு டன் உப்பில் 30 கிராம் அயோடின் இருக்கச் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் அயோடேட்டு ஏறத்தாழ 50 கிராம் மட்டுமே. உடலில் அது விரைவாக அயோடைடாக மாறுகிறது. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் அயோடைடை விட அயோடேட்டு நிலைத்து நிற்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

சட்டமும் நடைமுறையும்

மருத்துவர் வி. இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் 1956 இல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைப்பதை நிறுவியது. 1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கான தடை 2000 இல் நீக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2011 இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்று கூறினாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறையில் தடை தொடர்ந்தது. நுகர்வோரை அடையும் உப்பில் பத்து இலட்சத்தில் 15 பங்கிற்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும்.

2018-19 இல் நடத்தப்பட்ட இந்திய அயோடின் ஆய்வின்படி நாட்டில் 76.3 விழுக்காடு வீடுகளில் போதிய அயோடின் கொண்ட உப்பு பயன்பட்டது. தமிழ்நாட்டில் இது 61.9 விழுக்காடு, மாநிலங்களிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. நாட்டின் முன்னணி உப்பு உற்பத்தி மாநிலங்களில் ஒன்றில் இந்நிலை என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் உற்பத்தி இங்கேயே நடப்பதும் ஒரு காரணமாகலாம். உப்பளத்திற்கு அருகிலுள்ள ஊர்களில் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது, குழம்பிற்கும் ஊறுகாய்க்கும் அதுவே சுவை என்ற பழக்கமும் உண்டு. மேலும் கழுவாத உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை ஈர்ப்பதால், அதில் அயோடின் தெளித்தாலும் கசியும் நீருடன் அது மூட்டையின் அடிக்கு இறங்கிவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை

அயோடின் கலந்த உப்பை மூடியுள்ள, காற்றுப் புகாத கலத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்த்தால் இழப்பு குறையும். அயோடினுக்காக உப்பை மிகுதியாக உண்பது தவறு. உலக சுகாதார அமைப்பு நாளுக்கு 5 கிராமிற்குக் குறைவாகவே உப்பைப் பரிந்துரைக்கிறது. 15 பங்கு அயோடின் உள்ள 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம்தான் கிடைக்கும் என்பதால், மீதியை மீன், பால், முட்டை ஆகியவை தர வேண்டும். இவற்றை உண்ணாதவர்கள் மருத்துவரிடம் அதைத் தெரிவித்தல் நலம். அயோடின் மிகையும் கருவின் சுரப்பியை ஒடுக்கக்கூடும் என்பதால், கடற்பாசி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது.

ஏற்கனவே தைராக்சின் மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்குக் கருவுற்றவுடன் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு அளவு கூட்ட வேண்டியிருக்கும், இதனை மருத்துவரே இரத்தப் பரிசோதனையைக் கொண்டு முடிவு செய்வார். இம்மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொண்டு, கருவுற்ற காலத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராக்சின் சரியாக உறிஞ்சப்படுவதில்லை.