வீடு வீடாகக் கதவு தட்டிய தாய்

பெல்பாஸ்ட் நகரம். 1976-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நேரம். ஆன் மக்வயர் என்ற குடும்பப் பெண் தன் குழந்தைகளுடன் சாலை ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். பிறந்து ஆறு வாரமே ஆன கைக்குழந்தை தள்ளுவண்டியில் இருந்தது. இரண்டரை வயதுப் பையன் கூடவே வந்தான். எட்டு வயது மகளிடம் சைக்கிள் இருந்தது.

அப்போது ஒரு கார் பாய்ந்து வந்தது. அதை ஓட்டி வந்தவர் ஐ.ஆர்.ஏ. எனப்படும் அயர்லாந்துக் குடியரசுப் படையைச் சேர்ந்த இளைஞர். பின்னால் பிரிட்டிஷ் ராணுவத்தினர் துரத்திக்கொண்டு வந்தார்கள், சுட்டார்கள். குண்டு பாய்ந்து அந்த இளைஞர் இறந்துபோக, தறிகெட்ட கார் நடைபாதையில் ஏறித் தாயையும் பிள்ளைகளையும் மோதி நசுக்கியது. கைக்குழந்தையும் மகளும் அந்த இடத்திலேயே மாண்டார்கள். சின்னப் பையன் மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். படுகாயம் அடைந்த தாய், தன் மூன்று குழந்தைகளின் அடக்கத்திற்குக்கூட வர முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

வட அயர்லாந்தில் அந்த ஆண்டு மட்டும் இப்படிச் செத்தவர்கள் கிட்டத்தட்ட முந்நூறு பேர். ஆகவே மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்தியாக வந்து மறந்துபோயிருக்க வேண்டிய செய்திதான் இது. மறக்க விடாமல் செய்தவர் பெட்டி வில்லியம்ஸ் என்ற இன்னொரு தாய். வயது 33. அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகள். தன் சிறு மகளோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் கோரத்தை நேரில் பார்த்துவிட்டார்.

சண்டை எதற்கு?

நம்மவர்களில் பலருக்கு, ஒரே ஏசுநாதரைக் கும்பிடுகிறவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது விளங்காது. 1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்குப் பகுதி பிரிட்டனோடு நின்றுவிட்டது. அங்கே பெரும்பான்மையோர் புராட்டஸ்டண்டுகள். அவர்களுக்கு பிரிட்டன்தான் வேண்டும். சிறுபான்மையான கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் தெற்கு அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றார்கள். மதம் பெயரளவுக்குத்தான். உள்ளே இருந்தது வேலை, வீடு, ஓட்டு ஆகியவற்றின் சண்டை. டைட்டானிக் கப்பலைக் கட்டிய பெல்பாஸ்ட் கப்பல் தளத்தில் வேலை பெற்றவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளே என்றால் மற்றது புரிந்துவிடும். 1969-ல் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் துருப்புகள் தெருவில் இறங்கின. இரு பக்கத்திலும் ஆயுதக் குழுக்கள். ஒருவன் பெயரையும், அவன் படித்த பள்ளிக்கூடத்தையும் கேட்டால் போதும், அவன் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பெயரைக் கேட்பது என்றால் என்ன என்று பம்பாய்த் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் சுமார் 900 பேர் மாண்டார்கள். நான் அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. ஆனால் கவுண்டரில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: ஊருக்குப் போக டிக்கெட் கேட்டு வந்தவர்கள் பாக்கிச் சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினார்களாம்.

மகஜர்

பெட்டி வில்லியம்ஸ் மேடை ஏறவில்லை, கட்சிக்காரர் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். "இந்தக் கொலைகள் போதும், சமாதானம் வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்." தட்டியது எந்த வட்டாரத்தில்? ஐ.ஆர்.ஏ.யின் கோட்டையாக இருந்த கத்தோலிக்க வட்டாரத்தில். அங்கே ஐ.ஆர்.ஏ.க்கு எதிராகப் பேசினால் முழங்காலில் சுடுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மகஜர் எழுதி நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிப் பார்த்தவன் நான். "முதலில் அவர் போடட்டும்" என்பார் இவர். "இவர் போட்டால் நான் போடுகிறேன்" என்பார் அவர். தண்ணீருக்கே இந்தக் கதை. அந்த அம்மாளோ இரண்டே நாளில் ஆறாயிரம் கையெழுத்து வாங்கிவிட்டார்! அத்தனை வீட்டிலும் அந்த நினைப்பு உள்ளே கிடந்திருக்கிறது. கதவைத் தட்டத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

டெலிவிஷனில் இதைச் சொன்ன பெட்டியை, இறந்த குழந்தைகளுடைய தாயின் சகோதரி மைரேட் காரிகன் தொடர்பு கொண்டார். 32 வயது, மதுபானக் கம்பெனி ஒன்றில் செக்ரட்டரி. கீரன் மெக்கியோன் என்ற பத்திரிகையாளரும் வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 14-ந் தேதி, விபத்து நடந்து நாலாம் நாள், ஏறத்தாழ பத்தாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள் மாண்ட இடத்துக்கு நடந்தார்கள். அதில் புராட்டஸ்டண்டுப் பெண்களும் இருந்தார்கள். எதிரியின் வட்டாரம் என்று வருஷக் கணக்காகக் கால் வைக்காத தெருவுக்குள் அவர்கள் அன்று வந்தார்கள். அந்த மாதம் 28-ந் தேதி கத்தோலிக்கப் பெண்கள் பதிலுக்குப் புராட்டஸ்டண்டுகளின் ஷாங்கில் சாலைக்குப் போனார்கள். அந்தத் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

எல்லாம் தழுவலாக இருக்கவில்லை. அக்டோபரில் ராணுவத்தாரின் பிளாஸ்டிக் குண்டு பட்டு 13 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதைக் கண்டித்து நடந்த கூட்டத்துக்குப் போன பெட்டியையும் மைரேடையும் கூட்டம் சூழ்ந்து தாக்கியது. ராணுவத்தைத் தட்டிக் கேட்கவில்லை என்று கத்தோலிக்கர்களுக்குக் கோபம். தட்டிக் கேட்டால் மறு பக்கத்துக்குக் கோபம். அதே மாதம் பால்ஸ் சாலை ஊர்வலத்தின் மேல் கல்லும் பாட்டிலும் விழுந்தன. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்து அடியும் கிடைக்கும் என்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தானே.

ஊர்வலத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த இயக்கம் செய்த இன்னொரு வேலை. சிறையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு பஸ் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பக்கத்துக் கைதியா இந்தப் பக்கத்துக் கைதியா என்று பார்க்கவில்லை. ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்கள் ஏராளம். பஸ்ஸை யாரும் படம் பிடித்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்லோவும் அதற்குப் பிறகும்

1976-க்கான நோபல் சமாதானப் பரிசு அந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நார்வே மக்கள் தாங்களே நிதி திரட்டி அந்தப் பெண்களுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1977-ல், நிறுத்திவைத்த நோபல் பரிசும் பெட்டிக்கும் மைரேடுக்கும் வந்து சேர்ந்தது.

பரிசோடு சண்டையும் வந்தது. பணத்தை இயக்கத்துக்குக் கொடுக்காமல் இருவரும் தாங்களே வைத்துக்கொண்டார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. வேலையை விட்டுவிட்டுத் தெருவில் நின்ற பெண்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. மாதச் சம்பளக்காரனான எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. ஆனாலும் பதினாயிரக்கணக்கில் திரண்ட கூட்டம் கரைந்தது. 1980-ல் பெட்டி விலகினார். பின்னர் அமெரிக்கா போய்விட்டார்.

பலன் உண்டா? 1977-ல் சாவு எண்ணிக்கை முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கியது. இந்தப் பெண்களால்தான் என்பார்கள் சிலர். போலீசும் ராணுவமும் முறையை மாற்றியதால் என்பார்கள் சிலர். இரண்டும் இருக்கலாம். கொலைகள் அடியோடு நிற்கவில்லை. 1998 ஏப்ரல் 10-ந் தேதி, புனித வெள்ளியன்று, ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை மொத்தம் சுமார் 3,500 உயிர்கள் போயின.

அந்தத் தாய்?

முதலில் சொன்ன ஆன் மக்வயர் என்ன ஆனார்? பரிசு, படம், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் காரணம் அவர் வீட்டுத் துக்கம். அவரோ உடல் தேறிய பின் கணவரோடு நியூசீலந்துக்குக் குடிபோனார். மனம் கொள்ளவில்லை, பெல்பாஸ்டுக்கே திரும்பினார். மறுபடி குழந்தைகள் பிறந்தும் போன குழந்தைகளை அவரால் மறக்க முடியவில்லை. 1980 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். காரில் அடிபட்டவர்களில் நாலாவது சாவு அது என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

அவர் விட்டுப்போன மூன்று பிள்ளைகளை மைரேட் பார்த்துக்கொண்டார். 1981-ல் சகோதரியின் கணவரையே மணந்துகொண்டார். நம் குடும்பங்களில் காலம் காலமாக நடப்பதுதான். இன்று அவர் மைரேட் மக்வயர். பின்னர் தனக்கும் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இயக்கத்தை அவர் விடவில்லை. பெட்டி வில்லியம்ஸ் 2020 மார்ச் 17-ந் தேதி காலமானார்.

இரு மதத்தார் தெருக்களுக்கும் நடுவே எழுப்பிய மதில்களுக்கு அங்கே வைத்த பெயர் 'சமாதானக் கோடு'. 2023-க்குள் எல்லாவற்றையும் இடித்துவிடுவதாக அரசு 2013-ல் அறிவித்தது. பல மதில்கள் இன்னும் நிற்கின்றன. சிலவற்றின் கேட்டுகளைப் பகலில் திறந்துவிட்டு, ராத்திரி ஆனதும் சாத்துகிறார்கள்.